கடல் கெடுக்காத காது

கிளைட்டன் குடித்துச் செத்தான் என்று திரேஸ்புரத்தில் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு, அதைச் சொல்லும்போதே வாயில் பிராந்தி வாடை அடித்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகிற வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"கிட்னி ரெண்டும் போச்சாம்லா. பின்ன, ஊத்துன ஊத்துக்கு என்ன ஆகும்?" என்றார் தொம்மை. கிளைட்டன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன படகு அவருடையது.

கிளைட்டனின் அக்கா விஜிலா பின்னால் பெண்களோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். ஊத்துன ஊத்தா? மாதா கோயில் திருவிழாவில் கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுத்தால் ஒரு கிளாஸ் பீர். அதையும் பாதியில் வைத்துவிட்டு வந்து, "கசக்குதுக்கா" என்று முகத்தைச் சுளிப்பான். அதுதான் அவன் குடித்த குடி. தொம்மைக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

விஜிலாவும் மறுக்கவில்லை. பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்காத பிள்ளை அவள். அப்பா போன படகு திரும்பி வராமல் போனதும் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி நண்டுக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அங்கேதான். தலையில் தொப்பி, கையில் உறை, முன்னால் அவித்த நண்டு. ஓட்டை உடைத்துச் சதையைப் பிரிக்க வேண்டும். சதையில் பொடி ஓடு ஒன்று கிடந்தாலும் திட்டு விழும். அதனால் பேசக் கூடாது, பார்க்க வேண்டும். அவளுக்கு அது தோதாக இருந்தது. வாய் சும்மா கிடக்க, கண் வேலை செய்யும். வீட்டிலும் அவளுக்கு அதே கண்தான்.

சின்ன வயதிலிருந்தே கிளைட்டனிடம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல், சளி என்று எது வந்தாலும் அவன் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். அம்மா பேபி, "சூடு பிடிச்சிருக்குளா, ஒரு இளநி வாங்கிட்டு வா" என்பாள். இளநீர் கொடுப்பார்கள், வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுப்பார்கள், சில நாளில் நிறம் தெளிந்துவிடும். அதோடு மறந்துவிடுவார்கள். அடுத்த காய்ச்சலுக்குத் திரும்பவும் கடுங்காப்பி.

பிறகு காது. கிளைட்டன் மீசை முளைக்கும்போதே சங்கு குளிக்கப் போனவன். போன கொஞ்ச காலத்திலேயே கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தோளைத் தொட்டால்தான் திரும்புவான். யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. சங்கு குளிக்கிறவனுக்குக் காது மந்தமாவது இந்தக் கரையில் வழக்கம்தான். ஆழத்துக்குப் போகப் போகக் கடல் காதை அமுக்கும், சிலருக்கு ரத்தம் வரும், சிலருக்குச் சவ்வு கிழியும். காது கேட்காதவனை, "நல்ல ஆழம் பாத்தவன்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அம்மாவின் அண்ணனுக்கும் அப்படித்தான் காது போனது. அவரும் சங்கு குளித்தவர், அவரும் கால் வீங்கி, மூச்சு வாங்கி, நாற்பதைத் தாண்டாமல் போனவர். அவர் காதைக் கடல் தின்றது, கிட்னியைக் குடி தின்றது என்று ஊர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. மருமகன் கிளைட்டனுக்கு அந்தத் தீர்ப்பையே எடுத்து வாசித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் விஜிலாவுக்கு இன்றைக்கும் பல் கடிபடும். கிளைட்டன் முகம் ஊதிக் கட்டிலில் கிடந்தான். வந்த டாக்டர் இளவயதுக்காரர். கையில் கைபேசி, கண்ணும் அதில்தான். "குடிப்பியா?" என்றார். காது கேட்காதவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டது புரியாவிட்டால் தலையை ஆட்டிவிடுவார்கள். திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்றால் எதிரில் இருப்பவர் எரிந்து விழுவாரே என்ற பயம். கிளைட்டன் ஆட்டினான். "எவ்வளவு நாளா?" அதற்கும் ஆட்டினான். "இவங்களுக்கெல்லாம் சொன்னா எங்க கேக்குது" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். விஜிலா வாயைத் திறப்பதற்குள் அவர் முதுகுதான் தெரிந்தது.

கேட்க வேண்டியவை எத்தனை இருந்தன! காது எப்போதிருந்து கேட்கவில்லை? மூத்திரம் எந்த நிறத்தில் போகும்? வீட்டில் வேறு யாருக்கு இப்படி? ஒன்றையாவது கேட்டிருக்கலாம். சங்கு குளிக்கிறவன், கறுத்தவன், கடற்கரைக்காரன் என்றால் குடிப்பான். முடிந்தது கதை. டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து செய்து, ஆளும் பாதியாகிப் போய்ச் சேர்ந்தான்.

விஜிலாவுக்கு ஒரே மகன் இனிகோ. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று அவன் பிறந்தபோதே முடிவு செய்திருந்தாள். மாமா காது போச்சு, தம்பி காது போச்சு, மகன் காதாவது மிஞ்சட்டும் என்று. நீச்சல் பழக என்றுகூடக் கடல் பக்கம் விட்டதில்லை. கூட்டாளிப் பையன்கள், "உப்புத் தண்ணி படாத பரவப்பய" என்று கேலி செய்தாலும் விட்டதில்லை.

கிளைட்டன் போன சில மாதத்தில் வீட்டில் டிவி சத்தம் கூடத் தொடங்கியது.

"ஏலே, தெருவுக்கே படம் காட்டுதியா? கொற!" என்று கத்துவான் அவள் புருசன் சிலுவை. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன்.

இனிகோ திரும்ப மாட்டான்.

"காதுல எந்நேரமும் அந்த எழவ மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா எப்படிக் கேக்கும்?" என்பான் சிலுவை. ஹெட்போனைப் பிடுங்கி வைத்தான். அப்போதும் இனிகோ திரும்பவில்லை.

விஜிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பேசுகிறவர்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்திருந்தான், கிளைட்டன் பார்த்த மாதிரியே. ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கக்கூஸைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கடுங்காப்பி.

பேபி வழக்கம்போல, "சூடுதான்ளா, இளநி வாங்கு" என்றாள்.

"சூடு இல்லம்மா" என்றாள் விஜிலா. தாய் நிமிர்ந்து பார்த்தாள். மகள் எதிர்த்துப் பேசி அவள் கேட்டதே இல்லை. "இவன் கடல்ல தலைய முக்குனதே இல்ல. குடிச்சதும் இல்ல. பின்ன எப்படி ரெண்டும் வருது?"

பாளையங்கோட்டையில் கிட்னிக்கென்றே இருக்கிற டாக்டர் அனுசியாவைப் பற்றிக் கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி சொல்லியிருந்தாள். மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த அம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். "வீட்ல வேற யாருக்கு இப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. கிளைட்டனிடம் யாரும் கேட்காத கேள்வி. மாமாவையும் தம்பியையும் சொன்னாள். அவளுடைய மூத்திரத்தையும் சோதிக்கச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிலும் ரத்தம் இருந்தது. இருவரிடமும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் திரும்பக் கூப்பிட்டார்.

"கிட்னின்னா முழுக்க ஒரே மாதிரி சதைன்னு நெனைக்காதீங்கம்மா. உள்ள பல வகை செல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. உப்பத் திருப்பி எடுக்கிறது ஒரு வகை, தண்ணிய அளந்து விடுறது ஒரு வகை."

விஜிலாவுக்கு அது உடனே பிடிபட்டது. நண்டும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே நண்டுதான். பிரித்துப் பார்த்தால்தான் முதுகுச் சதை வேறு, கால் சதை வேறு, கைச் சதை வேறு. ஒன்று கெட்டிருந்தால் மற்றதும் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

"அதுல ஒரு வகை செல், ரத்தத்த வடிகட்டுற குட்டிக் குட்டி உருண்டையில, ரத்தக் குழாயச் சுத்தி விரல விரிச்சுப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கும். வடிகட்டிக்கு நூல் குடுக்கிறது அதுதான். அந்த நூல எப்படிச் செய்யணும்னு மரபணுவுல எழுதியிருக்கும். உங்க குடும்பத்துல அந்த எழுத்துல ஒண்ணு மாறியிருக்கு. மத்த செல்லுக்கெல்லாம் பெருசா வித்தியாசம் தெரியாது. இந்த செல் மட்டும் பலமில்லாத நூலக் குடுக்குது. வடிகட்டி கசியுது. வருசக்கணக்கா கசிஞ்சு தழும்பாகி அடைச்சுப் போகுது."

"காது?" என்றாள் விஜிலா.

"அதே நூல் உள்காதுக்கும் வேணும்மா. அங்கயும் அதே பழுதுதான்."

"தண்ணி... குடிச்சதுனால வருமா?"

"குடிச்சாலும் குடிக்காட்டியும் இது வரும். இது பிறக்கும்போதே வந்தது."

நாற்காலியின் விளிம்பை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். கடல் எதுவும் செய்யவில்லை. அதன் தலையிலும் பழியைப் போட்டாயிற்று, அவள் தம்பி தலையிலும் போட்டாயிற்று. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு கேள்வி.

டாக்டர் மேலே சொன்னார். ஆண் பிள்ளைக்கு அந்த எழுத்து தாயிடமிருந்து ஒன்றுதான் வரும், அது பழுதென்றால் தாங்க வேறில்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஓரளவு தாங்கும். ஆனாலும் விஜிலாவும் வருசா வருசம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சுத்தமாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் பிரஷருக்குக் கொடுக்கிற ஒரு வகை மாத்திரை வடிகட்டியின் பாரத்தைக் குறைக்கும். இப்போதே தொடங்கி விடாமல் போட்டால் கிட்னி பல வருசம் கூட உழைக்கும். "பையன் வந்த நேரம் நல்ல நேரம். விட்டுராதீங்க. வலி மாத்திரைய இஷ்டத்துக்கு வாங்கிப் போடாதீங்க. உங்க மாமாவுக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்களையும் வரச் சொல்லுங்க. பொண்ணுன்னா கட்டாயம், அப்பாகிட்ட இருந்து அவளுக்கு வந்தே இருக்கும்."

மாமாவுக்கு ஒரே மகள், ஷீஜா. தருவைகுளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கும் ஆண் பிள்ளை ஒன்று. அதற்கும் அடிக்கடி சூடு பிடிக்கும் என்று ஷீஜா சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சிலுவை கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்ட இருந்து வந்ததுன்னு சொன்னாவ?"

சொன்னாள்.

"பாத்தியா! எங்க வம்சத்துல ஒருத்தனுக்குக் காது மந்தம் உண்டா? ஒங்கம்ம வீட்டுச் சீக்க எம்புள்ள தலையில ஏத்திட்டிய." பேபி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னான்.

பேபி அன்று சாப்பிடவில்லை. "நான் பெத்ததுதானா குத்தம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். விஜிலாவுக்கு நெஞ்சு கொதித்தது. நேற்றுவரை குடிகாரன் என்று மகன் மேல் பழி. அது பொய் என்று தெரிந்த மறு நிமிசமே பழி இடம் மாறி தாய் மேல் உட்கார்ந்துகொண்டது. அண்ணனையும் மகனையும் பறிகொடுத்தவள் அவள். அந்த எழுத்தை அவள் விரும்பி வாங்கினாளா, கடையில் பார்த்து எடுத்தாளா? யாரோ ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆக வேண்டுமா இந்த ஊருக்கு?

சிலுவை அதோடு விடவில்லை. "வெளிய மூச்சு விடக் கூடாது. நாளைக்கி இவனுக்கு எவன் வேல குடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்? தருவைகுளத்துக்காரிகிட்ட சொன்னா, கரை பூராவும் நாறிரும். அப்புறம் என்ன, பிரஷர் மாத்திர? கெழவன் போடுத மாத்திரய நல்லா இருக்க பயலுக்கு எதுக்குப் போடுதே?" மாத்திரை அட்டையைக் கண்டால் எடுத்து ஒளித்து வைப்பான். விஜிலா தேடி எடுத்துக் கொடுப்பாள். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் தம்பியின் ஊதிய முகம் அவள் கண் முன்னால் வந்து நிற்கும்.

கிளைட்டனின் வருசப் பூசை வந்தது. காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு. உறவுக்காரர்கள் வீட்டுக்குள் நடமாடுவார்கள் என்பதால் சிலுவை காலையிலேயே மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்குள் அட்டை மினுங்கியது. விஜிலா பார்த்தாள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் வெளியே போய்விட்டான்.

முதல் பந்தியில் தொம்மையும் படகுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். சிலுவையும் இனிகோவும் அவர்களோடு இருந்தார்கள். பெண்கள் வரிசையில் தருவைகுளத்திலிருந்து வந்த ஷீஜா, மகனை மடியில் வைத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். விஜிலா குழம்பு வாளியோடு வந்தாள்.

"என்னல சிலுவ, மச்சான் படத்துக்கு மால போட்டிருக்க, ஒரு குவாட்டரு வைக்கலியா?" என்றார் தொம்மை. "ஆத்துமா வந்து தேடும்லா!"

பந்தி சிரித்தது. சிலுவையும் சிரித்தான். விஜிலா மகனைப் பார்த்தாள். இனிகோவுக்குத் தொம்மை சொன்னது காதில் விழவே இல்லை. எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு அவனும் சிரித்தான். தன் சொந்த மாமனைக் கேலி செய்ததற்குத்தான் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையாட்டிய அதே ஆட்டல்.

வாளியைத் தரையில் வைத்தாள் விஜிலா. வைத்த வேகத்தில் குழம்பு தளும்பித் தெறித்தது.

"என் தம்பி குடிச்சுச் சாகல."

அவள் குரலா அது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே சந்தேகம். தொம்மை வாய்க்குப் போன சோற்றை நிறுத்தினார்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ளா..."

"ஒங்களுக்குப் பேச்சுண்ணே. ஒரு வருசமா எங்கம்ம வெளிய தலகாட்ட முடியல. அவன் காதக் கடலு கெடுக்கல, கிட்னியச் சாராயம் கெடுக்கல. ரெண்டும் பொறக்கும்போதே வந்தது. எங்க மாமாவுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு. இந்தா ஒங்க கூடச் சிரிச்சிட்டு இருக்கானே, எம்மவன், அவனுக்கும் இருக்கு. நீங்க என்ன சொன்னியன்னு அவனுக்குக் கேக்கவே இல்ல. அதான் சிரிக்கான்."

இனிகோ அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவன் முழுக்கப் புரிந்துகொண்டான். சிரிப்பு நின்றது.

சிலுவை எழுந்தான். "ஏளா, உள்ள போ. மானத்த வாங்காத."

"எது மானம்? எம்மவன் செத்த பொறவு மால போடுததா?" கை நீட்டினாள். "மாத்திரய எடுங்க."

"என்ன மாத்திர? பேசாம உள்ள..."

"சட்டப் பையில இருக்குல்லா. இன்னைக்கி அவன் இன்னும் போடல."

பந்தி முழுக்க அவன் சட்டைப் பையைப் பார்த்தது. மினுங்குகிற அட்டையை இனி எங்கே ஒளிப்பது? சிலுவை நின்றான். சோற்றுக் கையோடு நின்றதால் இடது கையால்தான் எடுக்க முடிந்தது. விஜிலாவிடம் கொடுக்கவில்லை. இனிகோவின் இலையோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தான். இனிகோ ஒன்றைப் பிதுக்கி எடுத்து, அப்பாவின் டம்ளரிலிருந்தே தண்ணீர் குடித்து விழுங்கினான்.

பெண்கள் வரிசையில் ஷீஜா எழுந்து நின்றாள். மகனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

"மைனி, எங்கய்யாவுக்கும் அதான்னா... இவனுக்குச் சூடு பிடிச்சா, ஒண்ணுக்கு காப்பி மாதிரி..."

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீயும் ஒரு தடவ பாத்துக்கணும். பயப்படாத, இப்பவே தெரிஞ்சா வழி இருக்கு."

வாசல் நிலையைப் பிடித்து நின்றிருந்த பேபி, ஒரு வருசத்தில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால், பந்தலுக்குள் வந்தாள். வந்து ஷீஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் விஜிலா விட்டிருக்க மாட்டாள்.

தொம்மை தொண்டையைச் செருமினார். "சரி சரி, விடு. தெரியாமப் பேசிட்டாவ எல்லாரும். சோறு காயுது, கொழம்ப ஊத்துளா."

எல்லாரும் என்றார். நான் என்று அவர் வாயில் வரவில்லை.

விஜிலா வாளியைத் தூக்கினாள். அவர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றினாள். அதற்கடுத்த இலைக்கும் ஊற்றினாள். வரிசை முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.